வேப்பமரத்துக்கு அரை சதவீதம்

வேப்பமரத்துக்குக்கூட அரை சதவீதம் கிடைத்திருந்தது. பேராசிரியர் குற்றாலநாதனுக்கு ஒன்றும் இல்லை.

நாளிதழில் வந்திருந்த பட்டியலை அவர் மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தார். ஒருவேளை எழுத்துப்பிழையாகக் 'குத்தாலநாதன்' என்று போட்டுத் தொலைத்திருப்பார்களோ என்ற நப்பாசையில், 'கு'வில் தொடங்கும் பெயர்களை மட்டும் விரல் வைத்துத் தேடினார். ஒரே ஒரு 'கு' தான் இருந்தது. குமரேசன், மினி பஸ் நடத்துநர், கால் சதவீதம்.

"எவ்வளவு நேரமா அந்தப் பேப்பரயே மோந்து பாத்துக்கிட்டு இருக்கிய? காப்பி ஆறுது" என்றாள் அவர் மனைவி சண்முகவடிவு.

"ஏளா வடிவு, காலேஜ் கேன்டீன் வாசல்ல நிக்குத வேப்பமரத்துக்கு அரை சதவீதம் கொடுத்திருக்கான்."

"நல்ல மரம்லா அது" என்று சொல்லிவிட்டு அவள் தோசைக்கல்லைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரு காலத்தில், திருடினவனைப் பிடித்தால் திருடினவனை மட்டும்தான் உள்ளே போட்டார்கள். காரணர் சட்டம் வந்த பிறகு அந்தக் காட்டுமிராண்டித்தனம் ஒழிந்தது. எந்தக் குற்றமும் ஒருவன் தலையில் தானாக முளைப்பதில்லை. பெல்ட்டால் அடித்த அப்பன், பாராமுகமாக இருந்த பள்ளிக்கூடம், கைக்கு எட்டாததைக் காட்டிக் காட்டி ஆசை மூட்டிய விளம்பரம், கூடச் சுற்றிய கூட்டாளி, பத்து வயதிலேயே 'இது உருப்படாது' என்று முத்திரை குத்திய பக்கத்து வீட்டுக்காரி என்று ஆளுக்கொரு கை போட்டுத்தான் ஒரு திருடன் உருவாகிறான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. யார் கை எவ்வளவு என்று சொல்ல ஒரு கருவியும் வந்தது. அதன் முழுப்பெயர் 'குற்றக் காரணிப் பகுப்பாய்வு மற்றும் பொறுப்புப் பகிர்வு ஒருங்கிணைந்த கருவி'. அந்தப் பெயரை முழுதாகச் சொன்னவர் அதைத் திறந்து வைத்த அமைச்சர் ஒருவர்தான். அவரும் நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்தார். ஊரார் அதைப் 'பங்குப் பெட்டி' என்றார்கள்.

பெட்டியோடு ஒரு தொப்பி இருக்கும். அதைக் குற்றவாளியின் தலையில் மாட்டுவார்கள். அவன் வாழ்க்கையில் வந்துபோன பெயர்களையெல்லாம் பெட்டி ஒவ்வொன்றாக அவன் காதில் ஓதும். எந்தப் பெயருக்கு உள்ளே எது அசைந்தது, அந்த ஆள் செய்த எந்தக் காரியத்துக்காக அசைந்தது என்று அளந்து பட்டியல் கொடுத்துவிடும். முந்நூறு நாள் தண்டனை என்றால், பத்து சதவீதக் காரணர் முப்பது நாள் உள்ளே இருக்க வேண்டும்.

முதல் இரண்டு வருடம் ஊரே நடுங்கியது. மாமியார்கள் மருமகள்களிடம் மரியாதையாகப் பேசினார்கள். வாத்தியார்கள் பையன்களை 'தம்பி' என்றார்கள். காரணர் பட்டியலில் பெயர் வந்த குடும்பத்தில் பெண் எடுக்க யோசித்தார்கள். அப்புறம்தான் பேச்சிமுத்து வந்தான், எல்லாம் தலைகீழானது.

பேச்சிமுத்து ஒரு மேகத்தைத் திருடினான்.

மேகங்கள் எல்லாம் அப்போது ஒதுக்கீட்டு வாரியத்தின் பொறுப்பில் இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும் ஒவ்வொரு மேகத்துக்கும் ஓர் எண் உண்டு. எங்கே போய்ப் பெய்ய வேண்டும் என்று ஓர் உத்தரவு உண்டு. வழியில் சிந்தாமல் ஓட்டிக்கொண்டு போக இரண்டு ட்ரோன் உண்டு. கடற்கரை உல்லாச நகரம் ஒன்றின் புல்வெளிக்குப் போய்க்கொண்டிருந்த மேகத்தின் ட்ரோன்களை ஒரு பழைய செல்போனை வைத்துக்கொண்டு ஏமாற்றி, ஆறு வருடமாகச் சொட்டு மழை ஒதுக்கப்படாத மானூர்ப் பக்கம் திருப்பிவிட்டான் பேச்சிமுத்து. எழுபது நிமிடம் மழை. பெண்கள் வாசலில் அண்டா அண்டாவாக எடுத்து வைத்தார்கள். போலீஸ் வந்தபோது அவன் நனைந்துகொண்டு நின்றான். ஓடவில்லை.

முந்நூறு நாள் தண்டனை. சட்டத்தின் கண்ணுக்குத் திருடன். ஊர் கண்ணுக்கு அப்படியில்லை. ஆகவே அவனுடைய காரணர் பட்டியல் ஒரு பரிசுப் பட்டியல் மாதிரி ஆகிவிட்டது. சொந்தப் பங்கு இருபத்திரண்டு. ஆறு வருடம் மழை கொடுக்காத வாரியத்துக்குப் பத்தொன்பது. அதன் தலைவர் மேல்முறையீடு செய்திருந்தார். அம்மாவுக்குப் பதினேழு. கல்லூரி கேன்டீன் இசக்கியப்பனுக்கு ஆறு. வகுப்புத் தோழன் ஆவுடையப்பனுக்கு மூன்று. மற்றதெல்லாம் நாற்பத்து மூன்று சில்லறைக் காரணர்கள், அந்த வேப்பமரம் உட்பட.

சமூகவியல் துறைப் பேராசிரியர் எபநேசருக்குப் பதினான்கு.

அந்தப் பதினான்குதான் குற்றாலநாதனின் தொண்டையில் முள்ளாக நின்றது.

எபநேசரும் அவரும் முப்பது வருடமாக ஒரே துறையில், ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். எபநேசர் ஒரு கட்டுரைகூட எழுதியதில்லை. ஆராய்ச்சிப் பட்டம் கிடையாது. பாதிப் பொழுதைக் கேன்டீனில் கழிப்பவர். குற்றாலநாதனோ 'குற்றமும் விலகல் நடத்தையும்' என்ற பாடத்தை வருடம் தவறாமல் நடத்தியவர். 'குற்றத்தின் கூட்டாளிகள்: ஒரு சமூகவியல் நோக்கு' என்ற எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்க நூலின் ஆசிரியர். 'தனிமனிதன் குற்றம் செய்வதில்லை; அவன் வழியாகச் சமூகம் செய்கிறது' என்று அதன் முதல் பக்கத்திலேயே எழுதியவர். காரணர் சட்டமே அந்த ஒரு வரியிலிருந்து எடுத்ததுதான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. சட்டம் போட்டவர்கள் யாரும் அந்த நூலைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். முந்நூறு பிரதி அச்சிட்டதில் இருநூற்று எழுபது அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கட்டில் அதனால்தான் ஆடாமல் நிற்கிறது என்று சண்முகவடிவு சொல்வாள்.

பேச்சிமுத்து மூன்று வருடம் அவர் வகுப்பில் படித்தவன். மாணவர்கள் அவரைக் 'குற்றம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். குற்றம் சாரிடம் படித்தவன் குற்றம் செய்திருக்கிறான். குற்றம் சாருக்குப் பங்கில்லை. இதைவிட ஓர் ஆசிரியனைச் செருப்பால் அடிக்க முடியுமா?

எபநேசரை உள்ளே அனுப்புவதற்குக் கல்லூரியில் ஒரு விழா எடுத்தார்கள். 'எங்கள் பதினான்கு சதவீதமே, சென்று வருக!' என்று பேனர் கட்டியிருந்தது. முதல்வர் சால்வை போர்த்தினார். இசக்கியப்பன் தன் ஆறு சதவீதப் பெருமையில் எல்லாருக்கும் இலவசமாக டீ கொடுத்தான். பழைய மாணவர்கள் எபநேசரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குற்றாலநாதனிடம் ஒருத்தி வந்து, "சார், கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடுங்க, ப்ரேம்ல வாரிய" என்றாள்.

கூட்டம் கலைந்ததும் எபநேசர் அவரைப் பார்த்துக் கை ஆட்டினார். "வாரும்வே குற்றாலம். நீரு வருவீருன்னு நினைக்கவே இல்ல."

"அதென்னவே அப்படிச் சொல்லுதீரு? சகா ஒருத்தர் இவ்வளவு பெரிய கௌரவத்துக்குப் போறாரு…"

"ஜெயிலுக்குப் போறேன்வே. நாப்பத்திரெண்டு நாள். சுகர் மாத்திரைய எடுத்து வச்சேனா இல்லியான்னு அதுவே மறந்துபோச்சு."

"அது சரி. அந்தப் பயகிட்ட அப்படி என்னத்தச் சொன்னீரு?"

எபநேசர் தலையைச் சொறிந்தார். "எனக்கே ஞாபகம் இல்ல. பெட்டி சொல்லித்தான் தெரியும். கேன்டீன் வாசல்ல, அந்த வேப்பமரத்தடியில டீ குடிச்சிட்டு இருந்தோம். மேல ஒரு மேகம் போச்சு, ரெண்டு பக்கமும் ட்ரோனு. 'பாருலே, மேகத்துக்குக் காவல்காரன்'னேன். 'ஏன் சார், மேகத்துக்கு வழி தெரியாதா'ன்னு கேட்டான். 'தெரியும்லே. தெரிஞ்ச வழியில போயிரக் கூடாதுன்னுதான் காவல்'னேன். அம்புட்டுதான். டீ ஆறிட்டுன்னு எந்திரிச்சுப் போயிட்டேன்."

"அதுக்கா பதினாலு?"

"ஆமாவே. டீக்கு ஒண்ணும் இல்ல, பேச்சுக்கு மட்டும் பதினாலு" என்று எபநேசர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் ஒரு பொடிக் கர்வம்கூட இல்லை. குற்றாலநாதனால் தாங்க முடியாமல் போனது அதுதான். எபநேசர் கொஞ்சம் பீற்றிக்கொண்டிருந்தால் அவரை மன்னித்திருப்பார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் காரணர் நீதிமன்றத்தில் இருந்தார். பெட்டிப் பிரிவில் எழுத்தராக இருந்தது ஆவுடையப்பன்தான். பேச்சிமுத்துவின் அதே வகுப்புத் தோழன். பட்டியலில் மூன்று சதவீதம் வாங்கியவன். காரணர் அல்லாதவர்தான் நீதிமன்றத்தில் வேலை பார்க்கலாம் என்று ஒரு விதி முதலில் இருந்தது. அப்படி ஓர் ஆள் ஊரில் கிடைக்காததால் அதை எடுத்துவிட்டார்கள்.

"சார், வாங்க, வாங்க! இருங்க" என்று எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான் ஆவுடையப்பன். "என்னோட ஒம்பது நாள போன வாரந்தான் சார் முடிச்சிட்டு வந்தேன். சாப்பாடு பரவால்ல."

"ஆவுடை, என் பேரு விட்டுப்போச்சுப்பா."

"விட்டுப்போகல சார். ஓதிச்சு."

"ஓதிச்சா?"

"மூணு தடவ. எங்களுக்கே சந்தேகமா இருந்துச்சு. மூணு வருஷம் வாத்தியாரா இருந்திருக்காவ, ஒண்ணுமே அசையலியேன்னு, சத்தத்தைக் கூட்டி ஓத வச்சோம்."

"என்ன ஆச்சு?"

ஆவுடையப்பன் நகத்தைப் பார்த்தான். "அவன் தூங்கிட்டான் சார்."

குற்றாலநாதன் சுவரில் ஓடிய பல்லியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த வேப்பமரம்?"

"அது நிழல் கொடுத்திருக்குல்லா சார்."

"இங்க பாரு ஆவுடை, பெட்டி தப்பு பண்ணுது. நான் அவனுக்கு முத்திரை குத்தினேன். ஒருத்தனைத் திருடன் திருடன்னு சொல்லிச் சொல்லியே திருடன் ஆக்குறதுன்னு ஒரு கோட்பாடு இருக்கு. என் புத்தகத்துல ஏழாவது அத்தியாயம். வகுப்புல அவனப் பாத்து எத்தன தடவ சொல்லியிருக்கேன், நீ உருப்பட மாட்டேன்னு!"

"அவனப் பாத்தா சார்?" என்றான் ஆவுடையப்பன். ஏதோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான். "தொப்பிக்குப் பிடிபடாதது எதுவும் எழுத்துல இருந்தா, கூடுதல் சான்றுன்னு கொடுக்கலாம். ஆனா சார், இங்க எல்லாரும் பங்கக் குறைக்கத்தான் வாராவ. கூட்டுறதுக்கு விண்ணப்பப் பாரமே கிடையாது. குறைக்குற பாரத்துல 'குறைக்க'ங்கிறத அடிச்சிட்டு 'கூட்ட'ன்னு எழுதித் தாரேன். போதுமா?"

எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லை. துறை அறையின் இரும்பு அலமாரியில் பழைய நன்னடத்தைச் சான்றிதழ்ப் படிவங்கள் ஒரு கட்டு, கரப்பான் முட்டையோடு கிடந்தன. படித்து முடித்துப் போகிற ஒவ்வொருவருக்கும் 'நடத்தை: நன்று' என்று எழுதிக் கொடுப்பது. கொலைகாரனாகவே இருந்தாலும் 'நன்று'தான். வேறு வார்த்தை அந்தக் கோட்டில் எழுதப்பட்டதாக வரலாறு இல்லை. குற்றாலநாதன் ஒரு படிவத்தை உருவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் உட்கார்ந்தார். பேச்சிமுத்து கல்லூரியை விட்டுப் போன தேதியைப் போட்டார். பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. நடத்தை என்ற இடத்தில் அழுத்தி எழுதினார்: 'மோசம். பிற்காலத்தில் பெரிய திருட்டு ஒன்றில் ஈடுபடக் கூடியவன். வானத்தையே கூட விட்டுவைக்க மாட்டான்.' கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. ஆனால் நன்றாக வந்திருந்ததால் அடிக்க மனம் வரவில்லை. தேநீர் வடித்த சக்கையில் காகிதத்தை ஒற்றி எடுத்துப் பழுப்பேற்றினார்.

சண்முகவடிவு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒரு பயலக் கெடுத்தது நான்தான்னு எழுதிக் கொடுங்கன்னு கோர்ட்டுக்குப் போற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் இருப்பிய."

"கெடுத்தேன்னு இல்லளா. காரணம்னு."

"பேசாம இருந்தா என்ன? இன்னும் ரெண்டு மாசத்துல ரிட்டையர்டு. மரியாதையா மாலையப் போட்டு அனுப்புவாவ."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வடிவு, முப்பத்தஞ்சு வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். எத்தன ஆயிரம் பயலுவ எதிர்ல உக்காந்திருக்கானுவ! ஒருத்தன் மனசுல, ஒரே ஒருத்தன் மனசுல, நல்லதுக்கோ கெட்டதுக்கோ, ஒரு கீறலாவது விழுந்திருக்க வேண்டாமா? அந்தாளு டீ குடிச்சிக்கிட்டு ஒரு வார்த்த சொன்னான். பதினாலு!"

அவள் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் போனாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். போட்ட கையெழுத்தைத் தள்ளி வைத்து அழகு பார்த்தார். அவர் கையெழுத்து எப்போதுமே ஒரு ரயில் மாதிரி. முன்னால் எஞ்சினும் பின்னால் பெட்டிகளும் இல்லாமல் கிளம்பாது.

விசாரணை அன்று நீதிமன்றத்தில் நல்ல கூட்டம். பங்கு கூட்டிக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தி பரவி, வக்கீல்கள் தங்கள் வழக்குகளை விட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றார்கள். பேச்சிமுத்துவை அழைத்து வந்திருந்தார்கள். சிறையில் கொஞ்சம் சதை போட்டிருந்தான். குற்றாலநாதனைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

நீதிபதி ஹமீது சுல்தான் சத்தம் போட்டுப் பேசாதவர். மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேச்சிமுத்து, இவங்க உன்னைப் பத்தி வகுப்புல கடுமையா பேசினாங்களாமே?"

"சார் ரொம்ப நல்லவங்கய்யா. பேசியிருப்பாங்க. ஆனா…"

"ஆனா?"

"நான் சார் கிளாஸுக்குள்ள போனதே இல்லய்யா. முதல் நாள் போனேன். அப்புறம் கேன்டீன்லதான் இருந்தேன்."

குற்றாலநாதன் துள்ளி எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, வருகைப் பதிவேடு என்னிடம் இருக்கிறது! மூன்று வருடமும் ஒரு நாள் விடாமல் இவன் வந்திருக்கிறான். பேரைக் கூப்பிடுவேன், 'உள்ளேன் ஐயா' என்று பதில் வரும். என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன்!"

சுவரோரம் யாரோ இருமினார்கள். பெட்டியின் பக்கத்தில் நின்ற ஆவுடையப்பன் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"அது நான்தான்யா. அவன் பேருக்குக் கொஞ்சம் குரல மாத்திச் சொல்லுவேன். மூணு வருஷமும். அதுக்குத்தான் பெட்டி எனக்கு மூணு சதவீதம் போட்டுச்சு. நான் 'உள்ளேன் ஐயா' சொன்னதாலதான் அவன் கேன்டீன்ல இருந்தான், கேன்டீன்ல இருந்ததாலதான் எபநேசர் சார் பேசினது காதுல விழுந்துச்சுன்னு." அவன் குற்றாலநாதன் பக்கம் திரும்பினான். "சார் நிமிந்து பாக்க மாட்டாவ. பதிவேட்டப் பாத்துக்கிட்டேதான் கூப்பிடுவாவ. அவன்னு நினைச்சு உருப்பட மாட்டேன்னு சார் சொன்னதெல்லாம் என்னப் பாத்துத்தான்."

கூட்டம் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. சான்றிதழைக் கையில் எடுத்தார்.

"இது வகுப்புக்கு வராதவனுக்கும் பொருந்தும் இல்லையா, பேராசிரியரே? எழுத்து மூலமான முத்திரை."

"அதேதான்!" என்றார் குற்றாலநாதன். அவருக்கு மூச்சு வந்தது. "அது நானே, என் கைப்பட, அவன் படித்து முடித்த அன்றே எழுதியது."

"கையெழுத்தும் உங்களுடையதுதானே?"

"சந்தேகமே வேண்டாம்."

"'முனைவர் செ. குற்றாலநாதன்' என்று இருக்கிறது. பின்னால் நிறையப் பட்டங்கள். வாழ்த்துகள். முனைவர் பட்டம் எப்போது வாங்கினீர்கள்?"

அந்தக் கேள்வியை இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று ஒன்பது வருடமாகக் காத்திருந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். "ஒன்பது வருடங்களுக்கு முன்னால். ஐம்பத்தோராவது வயதில். பத்தொன்பது ஆண்டு உழைப்பு. பட்டமளிப்பு விழாவில் என் பெயரைத்தான் முதலில் வாசித்தார்கள்…"

சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நின்றார்.

"சான்றிதழ் எழுதிப் பதினோரு வருடம் ஆகிறது" என்றார் நீதிபதி, மிகவும் மெதுவாக. "பட்டம் வாங்கி ஒன்பது."

பொய்ச் சான்றிதழ் தயாரித்து நீதிமன்றத்தை ஏமாற்ற முயன்றதற்கு ஐம்பது நாள். சட்டப்படி அடுத்தது தொப்பி.

தொப்பி மாட்டியபோது குற்றாலநாதன் பயப்படவில்லை. உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம்கூட இருந்தது. அவருக்குத் தெரியும், அவரை இந்த நிலைக்குத் தள்ளியது யார் என்று. அவர் தத்துவப்படியே ஒருவன் தனியாகக் குற்றம் செய்வதில்லை. எபநேசர் பெயர் வரும். முப்பது வருட எபநேசர். அறுபது சதவீதமாவது வர வேண்டும். முப்பது நாள் மறுபடி உள்ளே உட்காரட்டும். இந்தத் தடவை சால்வை போர்த்த யார் வருகிறார்கள் பார்ப்போம்.

ஒரு வாரம் கழித்துப் பட்டியல் வாசிக்கிற நாள். எபநேசர் அதற்குள் நாற்பத்திரண்டு நாளை முடித்து, கொஞ்சம் இளைத்து, தாடியோடு வந்திருந்தார். கையில் ஒரு பை.

"பல் துலக்குற பிரஷு, ரெண்டு கைலி" என்றார் சண்முகவடிவிடம் பையைக் காட்டி. "வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வாரது அலைச்சல் பாருங்க. எப்படியும் என் பேரு வரும். இந்தத் தடவ சுகர் மாத்திரய மறக்கல. நீங்க ஒண்ணும் கொண்டு வரலியா தங்கச்சி?"

"நானா? முப்பத்திரெண்டு வருஷம் பொங்கிப் போட்டதுக்கு உள்ளயும் போகணுமாண்ணே?" என்றாள் அவள். ஆனால் அவள் மடியிலும் ஒரு சின்ன மூட்டை இருந்தது.

நீதிபதி தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஆவுடையப்பனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். "ரெண்டு தடவ ஓட்டிட்டோம்யா, அதேதான் வருது" என்று அவன் சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது.

"இந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து," என்று நீதிபதி தொடங்கினார், "யாருக்கும் சொந்தப் பங்கு முப்பத்தெட்டுக்கு மேல் போனதில்லை. முதல் முறையாக…" அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சொந்தப் பங்கு தொண்ணூற்றொன்று."

தனிமனிதன் குற்றம் செய்வதில்லை என்று எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவர், நாட்டிலேயே முதன்முதலாகத் தனியாக ஒரு குற்றத்தைச் செய்து முடித்திருந்தார்.

எபநேசர் எழுந்துவிட்டார். "ஐயா, மன்னிக்கணும். என் பேரு?"

"இல்லை."

"பூஜ்யமா?"

ஆவுடையப்பன் சங்கடத்தோடு விளக்கினான். "சார், உங்க பேரை ஓதினப்ப பெட்டியில ஊசி எகிறிப் போயிட்டு. அப்படி ஒரு ஆட்டம் நாங்க பாத்ததே இல்ல. ஆனா நீங்க அவங்கள என்ன செஞ்சியன்னு பெட்டி தேடிப் பாத்துச்சு. ஒண்ணும் அகப்படல. ஒருத்தர் செஞ்சதத்தான் அது எண்ணும் சார். செய்யாததுக்காக இவங்களா உள்ள வச்சு வளத்தது இவங்களோடதுதான். பொறாமை சொந்தச் சரக்காம்."

எபநேசர் பையைக் கீழே வைத்தார். அவர் முகம் வாடிப்போனது. "முப்பது வருஷம்வே குற்றாலம்" என்றார், கூண்டில் நின்றவரைப் பார்த்து. "எதிரெதிர் மேசை. உம்ம தலைவலி மாத்திரையெல்லாம் என் டிராயர்லதான் கிடக்கும். நீரு வாழ்க்கையில செஞ்ச ஒரே குத்தம். அதுல எனக்கு ஒரு அரை சதவீதம் கொடுக்கக் கூடாதா? அந்த வேப்பமரத்த விட நான் கேடுகெட்டுப் போயிட்டேனா?"

குற்றாலநாதன் அவரைப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக எபநேசரின் முகத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருந்தது. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவர் பார்ப்பது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தார். ஏனோ வரவில்லை.

சண்முகவடிவு தன் மூட்டையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"இன்னும் ஒன்பது சதவீதம் இருக்கிறது" என்றார் நீதிபதி. "ஒரே ஒரு காரணர். ஒரு நூல். குற்றவாளியின் மனதில் மிக ஆழமாகப் பதிந்து, ஏழாவது அத்தியாயத்தில் வரும் முத்திரைக் கோட்பாட்டின் வழியாக, நேரடியாக இந்தச் சான்றிதழை எழுதத் தூண்டிய நூல். தலைப்பு, 'குற்றத்தின் கூட்டாளிகள்: ஒரு சமூகவியல் நோக்கு'. நூலுக்குரிய பங்கை நூலாசிரியர் அனுபவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆசிரியரை அழையுங்கள்."

ஆவுடையப்பன் காரணர் பதிவேட்டைப் பிரித்தான். வழக்கமாகப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே பெயரைக் கூப்பிடுகிறவன், இந்தத் தடவை நிமிர்ந்து, கூண்டை நேராகப் பார்த்தான்.

"காரணர் குற்றாலநாதன்!"

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கூண்டில் நின்ற மனிதர் வேட்டியைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடமாக எதிரே இருந்து கேட்டுக்கொண்டே இருந்த இரண்டு வார்த்தைகளை, முன்னால் முனைவரும் பின்னால் பட்டங்களும் இல்லாமல், முதல் முறையாகத் தானே சொன்னார்.

"உள்ளேன் ஐயா."